ஆத்தங்குடிப் பட்டறைக்கு மினி பிசி: எதை வாங்கலாம்?

வணக்கம். ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறோம். ஆபீஸ் டெஸ்க்டாப் நான்காம் தலைமுறை ஐ3, விண்டோஸ் 10. அதற்கு 2025 அக்டோபரோடு சப்போர்ட் முடிந்தது. விண்டோஸ் 11 இந்த பிராசசரை ஏற்பதில்லை. எஸ்எஸ்டி போட்டேன், ரேமை 8 ஜிபி ஆக்கினேன். அப்பவும் டேலியோடு (கணக்கு சாஃப்ட்வேர்) குரோமைத் திறந்தால் திணறுகிறது. சிமெண்ட் தூசி வேறு ஃபேனில் அப்பிக்கொள்கிறது, ஊதி ஊதி அலுத்துவிட்டது. காரைக்குடி கடைகளில் பெரிய கேபினட்டையே காட்டுகிறார்கள். மேசையில் சாம்பிள் கற்களுக்கே இடமில்லை.

அதனால் மினி பிசி என்கிற சின்னப் பெட்டிக் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். பட்ஜெட் 20,000 ரூபாய். புதிய இன்டெல் என்100 பெட்டி என்றால் 6 வாட் சிப், ஃபேன் இல்லாமலும் வருகிறது, ஆனால் 4 கோர்தான். செகண்ட் ஹேண்ட் லெனோவோ எம்720கியூ மினி பிசியில் ஐ5-8500டி பிராசசர், 6 கோர், விண்டோஸ் 11 ஏறும். ஆனால் 35 வாட், ஃபேன் உண்டு.

டேலி, எக்செல், வாட்ஸ்அப் வெப், அவ்வளவுதான் வேலை. இந்தத் தூசியில் ஐந்து வருஷம் ஓட எதை எடுக்கலாம்?