பூ எண்ணெய்: பச்சைப் பூவா, காய்ந்த பூவா? வெயிலா, அடுப்பா?

மாடித்தோட்டம் கேட்டது:

வணக்கம். செம்பருத்தியும் மல்லிகையும் இப்போது நிறையப் பூக்கின்றன, தொட்டியில் துளசியும் ரோஸ்மேரியும் இருக்கின்றன. இவற்றை வைத்துத் தலைக்கும் உடம்புக்கும் தேய்க்க எண்ணெய் தயாரிக்கலாம் என்று இருக்கிறேன். தேடிப் பார்த்தால் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். பச்சைப் பூவை அரைத்துக் காய்ச்சு என்கிறார் ஒருவர், காயாத பூவைத் தொடவே கூடாது என்கிறார் இன்னொருவர், பாட்டிலை ஒரு மாதம் வெயிலில் வை என்று வேறொருவர். எந்த எண்ணெய் நல்லது, எவ்வளவு பூவுக்கு எவ்வளவு எண்ணெய், எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? அப்புறம் ரொம்ப முக்கியமாக, மல்லிகையின் வாசம் எண்ணெயில் இறங்க வீட்டில் வழி உண்டா? காய்ச்சினால் வாசமே போய்விடும் என்கிறார்களே.

பச்சிலை:

மூன்று வழியிலும் ஓரளவு உண்மை உண்டு. பூவில் இருக்கும் தண்ணீரை எப்படி வெளியேற்றுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். சுத்தமான எண்ணெயில் பூஞ்சையோ பாக்டீரியாவோ வளராது, ஏனென்றால் அதில் தண்ணீர் இல்லை. பச்சைப் பூவைப் போட்டதும் அதன் ஈரம் எண்ணெய்க்கு அடியில் தங்கிவிடும், அங்கேதான் கெடுதல் ஆரம்பிக்கும். அதனால் முதல்முறை செய்கிறவர்களுக்கு நான் எப்போதும் காய்ந்த பூவைத்தான் சொல்வேன்.

நிழலில், காற்றோட்டமான இடத்தில், துணிமேல் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி வையுங்கள். இதழ் விரலில் நொறுங்க வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. செம்பருத்தியில் வழுவழுப்பு அதிகம், பார்க்கக் காய்ந்த மாதிரி இருந்தாலும் காம்புப் பக்கம் ஈரம் நிற்கும், அதனால் அந்தப் பச்சைப் பகுதியைக் கிள்ளிவிட்டு இதழை மட்டும் காயவைப்பது நல்லது. அளவு என்றால் எடைக்கு எடை பார்த்து 1 பங்கு காய்ந்த பூவுக்கு 5 முதல் 10 பங்கு எண்ணெய். பாட்டிலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. பூ முழுக்க எண்ணெய்க்குள் மூழ்கியிருக்க வேண்டும், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இதழில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். மூடி, வெதுவெதுப்பான இடத்தில் 4 முதல் 6 வாரம் வைத்து, தினமும் ஒரு குலுக்கு. நேரடி வெயில் வேண்டாம். சூடு உதவும், ஆனால் வெளிச்சம் எண்ணெயைச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கவைக்கும். துளசி, ரோஸ்மேரி மாதிரி இலை சேர்த்தால் இன்னும் கவனம் வேண்டும், இலையின் பச்சையம் எண்ணெயில் இறங்கி வெளிச்சத்தில் அந்தக் கெடுதலை வேகப்படுத்தும். பாட்டிலைத் துணியால் சுற்றி வைத்தால் போதும்.

அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்றால் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, அதற்குள் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்து, 50 - 60 டிகிரிச் சூட்டில் 3, 4 மணி நேரம் வையுங்கள். தண்ணீர் கொதிக்கக் கூடாது, ஆவி எண்ணெய்க்குள் சொட்டவும் கூடாது.

இரும்புச்சட்டி:

பச்சிலை சொல்வது காய்ந்த பூவுக்குச் சரி. ஆனால் பச்சைச் செம்பருத்தியை அரைத்துக் காய்ச்சுவதும் நல்ல முறைதான், அதைப் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. விழுது எண்ணெயில் சடசடவென்று சத்தம் போடும்வரை அதில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை எண்ணெயின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், சத்தம் அடங்கியதும் சரசரவென்று ஏறும். கருகுவது அந்தக் கட்டத்தில்தான், அதனால் கடைசிப் பத்து நிமிடம் அடுப்பை விட்டு நகராதீர்கள். அடியில் இருக்கும் வண்டலை எடுத்து விரலில் உருட்டினால் மெழுகு மாதிரி திரண்டு வர வேண்டும், கொஞ்சத்தை நெருப்பில் காட்டினால் சத்தமில்லாமல் எரிய வேண்டும். அதுதான் பதம். தீயைச் சிறிதாகவே வைத்து, பாதிக்கு மேல் காலியாக இருக்கும் பாத்திரத்தில் செய்யுங்கள், நுரைத்துக்கொண்டு மேலே வரும்.

எண்ணெய் எது என்று கேட்டீர்கள். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் சீக்கிரம் கெடாது. தேங்காய் எண்ணெயில் நிறைகொழுப்பு அதிகம், நல்லெண்ணெயில் இயற்கையாகவே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. சூரியகாந்தி எண்ணெய் மாதிரி சன்னமானவை சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் குளிரான இடத்தில் ஊறவைக்க அது தோதில்லை.

பிச்சிப்பூ:

மல்லிகைக்கு நான் வருகிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. மேலே சொன்ன எந்த வழியும் மல்லிகைக்கு ஒத்துவராது. அதைக் காயவைத்தாலும் வாசம் போகும், காய்ச்சினாலும் போகும். ஆனால் பறித்த பிறகும் பல மணி நேரத்துக்கு மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும் பூ அது, கொழுப்பு அந்த மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாயங்காலம் விரியப்போகும் மொட்டைப் பறித்து, மேலே ஈரம் இருந்தால் ஒற்றி எடுத்து, எண்ணெயில் போட்டு வாயைத் துணியால் கட்டி வையுங்கள். 24 மணி நேரத்தில் அந்தப் பூவை எடுத்துவிட்டுப் புதுப் பூ போடுங்கள், அதே எண்ணெயில். பூ பழுப்பாகி நொந்தபின் விட்டுவைத்தால் புளித்த வாடை இறங்கி எல்லாம் வீண். எத்தனை தடவை மாற்றுகிறீர்களோ அவ்வளவு மணம், ஏழெட்டு முறையாவது மாற்ற வேண்டும். கடைசியில் பிழியாமல் வடிகட்டி, ஒரு நாள் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் இறங்கும், மேலே தெளிந்ததை மட்டும் மெதுவாக வேறு பாட்டிலுக்கு ஊற்றுங்கள். பழைய முறை இன்னொன்று உண்டு, எள்ளோடு மல்லிகையை அடுக்கடுக்காக வைத்து, பூவை மாற்றி மாற்றி எள்ளுக்கே மணம் ஏற்றி, பிறகு அந்த எள்ளை ஆட்டி எண்ணெய் எடுப்பது. அழகான வேலை, ஆனால் அவ்வளவு பூ வேண்டும்.

இன்னொரு விஷயம். செம்பருத்தி போட்டால் எண்ணெய் சிவப்பாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்த நிறமி தண்ணீரில் கரைவது, எண்ணெயில் இறங்காது. காலெண்டுலா என்ற சாமந்தி மாதிரிப் பூ நல்ல ஆரஞ்சு மஞ்சளாக இறங்கும், அதன் நிறமி கொழுப்பில் கரையும் வகை. எண்ணெய் சிவப்பாகத் தெரிய வேண்டும் என்றால் வேம்பாளம்பட்டை ஒரு துண்டு போட்டால் போதும். நிறத்தை வைத்துச் சத்து இறங்கியதா என்று முடிவு செய்யாதீர்கள்.

மாடித்தோட்டம்:

மூவருக்கும் மிக்க நன்றி! செம்பருத்தியைக் காயவைத்து ஒரு பாட்டில், மல்லிகையைத் தனியாக நல்லெண்ணெயில் ஒரு பாட்டில் என்று தொடங்குகிறேன். இரண்டு கேள்வி பாக்கி. வைட்டமின் ஈ சேர்த்தால் கெடாது என்கிறார்களே, உண்மையா? எனக்குப் பொடுகும் கொஞ்சம் இருக்கிறது, இந்த எண்ணெய் அதற்கு ஆகுமா?

பச்சிலை:

வைட்டமின் ஈ சிக்கு வாடை வருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஈரம் இருந்தால் பூஞ்சையைத் தடுக்காது. நன்றாகக் காய்ந்த பூவில் போட்ட எண்ணெய், கறுப்பு அல்லது பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில், சூடு படாத இடத்தில் பல மாதம் நிற்கும். மல்லிகை எண்ணெயைக் கொஞ்சமாகச் செய்து சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். கலங்கினால், குமிழி வந்தால், வாடை மாறினால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். இந்த எண்ணெயைச் சமையலுக்குக் கட்டாயம் எடுக்காதீர்கள், ஈரமான செடிப்பொருள் எண்ணெய்க்குள் காற்றில்லாமல் கிடந்தால் பாட்யூலிசம் என்ற கொடிய நோயைத் தரும் விஷம் உண்டாக வாய்ப்பு உண்டு.

பொடுகைப் பற்றி நேராகவே சொல்கிறேன், பலர் இதைச் சொல்வதில்லை. பொடுகோடு தொடர்புடைய மலாசீசியா என்ற ஈஸ்ட் கொழுப்பைத்தான் தின்று வளர்கிறது, எண்ணெயைத் தலையில் ஊறவிட்டால் பலருக்குப் பொடுகு கூடும். முதலில் அதற்கு மருந்து ஷாம்பு பாருங்கள், அதுவரை எண்ணெயை முடியின் நீளத்தில் மட்டும் தடவுங்கள். முடியிலிருந்து புரதம் கழுவிப்போவதைத் தேங்காய் எண்ணெய் குறைக்கும், அது சோதித்துப் பார்த்த விஷயம். புதிதாக முடி முளைக்கும் என்ற பேச்சை நம்பி வாங்கவோ செய்யவோ வேண்டாம். உடம்புக்கு என்றால் குளித்து ஈரம் முழுக்கத் துடைக்காமல் தடவுங்கள், ஈரத்தைப் பிடித்து வைக்கும். முகத்தில் தேங்காய் எண்ணெய் பலருக்குப் பருவைக் கிளப்பும்.

பிச்சிப்பூ:

தடவும் முன் முழங்கைக்கு உட்புறம் ஒரு சொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். காலெண்டுலா, சாமந்தி, கெமோமில் எல்லாம் ஒரே குடும்பம், அதில் ஒன்று ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உங்கள் பூ உங்கள் தொட்டியில் பூப்பது என்பதால் மருந்து அடிக்காத பூ என்ற நிம்மதி உண்டு. வாங்கிய பூ என்றால் அலங்காரத்துக்கு விற்பதைப் போடாதீர்கள், அதில் பூச்சிமருந்து இருக்கும், அதுவும் எண்ணெயில் நன்றாகவே இறங்கும்.