கோடு தேடிப் போன கதைகள் – பாம்பே ஆட்கள் மட்டும்

கூடைக்காரன்:
தாராவியில அப்பளம் காயவைக்கிற சந்து தெரியும்ல? மூங்கில் கூடையைக் கவுத்துப் போட்டு மேல பரப்பியிருப்பாங்களே. கோடு கோடா விழுற படம் வேணும்னு, இரும்பு ஏணியில பாதி ஏறி நேர் கீழ பாத்து போன்ல எடுத்தேன். பின்னல் கோடு, மேல வரிசையா வட்டம். புள்ளிக்கோலமேதான். ஓரத்துல ஒரு அக்காவோட கை அப்பளத்தைத் திருப்பிட்டிருந்தது. இடைஞ்சல்னு வெட்டிட்டேன். சந்தோஷத்துல இறங்கி அவங்ககிட்டயே காட்டினேன். போனை வாங்கி, ரெண்டு விரலால பெருசாக்கி, ஓரம் ஓரமாத் தேடினாங்க. “அப்பளம்லாம் விழுந்திருக்கு, நான் விழலயா தம்பி?” திருநெல்வேலிப் பேச்சு. நான் டிசைன், அது இதுன்னு உளறினேன். சிரிச்சிட்டு வேலையைப் பாக்கப் போயிட்டாங்க. ஸ்கிரீன்ல மாவு ரேகை. இன்னும் உறுத்துது.

பட்டைச்சட்டை:
என் கதை அந்தேரி பிளாட்பாரம். லோக்கல்ல பர்ஸ்ட் கிளாஸ் பெட்டிக்குச் சிவப்பு மஞ்சள் சாய்கோடு இருக்கும், பெட்டி நிக்கிற இடத்துத் தூண்லயும் அதே கோடு. ரெண்டும் ஒரே பிரேம்ல ஒட்டி நிக்கணும்னு மூணு நாள் காத்திருந்தேன். வண்டி அரை நிமிஷம்கூட நிக்காது. நாலாவது நாள் எல்லாம் அமைஞ்சு பட்டனை அமுக்கினா, வந்தது 15 பெட்டி வண்டி. நான் 12 பெட்டி வண்டியோட தூண்கிட்ட நின்னிருக்கேன்! என் முன்னாடி வெறும் செகண்ட் கிளாஸ், தொங்கிட்டிருந்த ஒருத்தர் முறைக்கிறார். அந்த முறைப்புதான் படத்துல நல்லா வந்திருக்கு.

அப்புறம் கூடைக்காரரே, கையை வெட்டினது தப்பில்ல. கோடு வேணும்னா கோடு மட்டும்தான்.

மொட்டைமாடி:
தப்புதான். கை இருந்தாத்தானே அந்த வட்டம் எவ்வளவு பெருசுன்னு தெரியும்? சரி, என் முட்டாள்தனத்தையும் கேளுங்க. சயான்ல எங்க மொட்டைமாடிக் கைப்பிடிக் கம்பியோட நிழல் காலைல தரை முழுக்க ஏணி மாதிரி விழும். வெயில் ஏறினா இன்னும் கறுப்பா வரும்னு மத்தியானம் 12:35-க்குப் போனேன். மே 15-ம் தேதி. நிழலே இல்ல! கம்பிக்கு அடியிலயே ஒளிஞ்சுக்கிச்சு. வருஷத்துல ரெண்டு நாள்தான் இங்க சூரியன் உச்சந்தலைக்கு நேரா வருமாம், அதுல ஒண்ணு அன்னைக்கு. ஜூலைக் கடைசியில இன்னொரு தரம் வரும், ஆனா மழை மேகத்துல யார் பாக்க? உள்ளங்கால் கொப்புளிச்சதுதான் மிச்சம்.

மூணாம்மாடி அங்கிள்:
எனக்குப் பெரிய அனுபவம்னு ஒண்ணுமில்ல, மாட்டுங்கா பூக்கடைல ஒருதடவை எடுத்தேன், ஆடிப்போச்சு. ஆனா நீங்க எல்லாரும் அடிப்படையைக் கோட்டை விடுறீங்க. போன் கேமராவுல கிரிட் கோட்டை, அதான் திரையைக் கட்டமாப் பிரிக்கிற கோட்டை, போட்டு வைங்க. 0.5-ங்கிற அகல லென்ஸ்ல எடுக்காதீங்க, ஓரத்துக் கோடெல்லாம் வில்லா வளையும். கட்டடத்தை அண்ணாந்து எடுத்தா கோடு மேல போகப் போகச் சேர்ந்துக்கும், அதனால எதிர் மாடிக்குப் போய் நேரா நின்னு எடுங்க. வெளிச்சமான இடத்தைத் தொட்டு, பக்கத்துல வர்ற சூரியக் குறியைக் கீழ இழுங்க, நிழல் மை மாதிரி ஆயிடும். கொசுவலை, பொடிக்கட்டம் போட்ட சட்டை இதெல்லாம் எடுத்தா இல்லாத அலை அலையாக் கோடு வரும். ரெண்டடி முன்ன பின்ன நகர்ந்து பாருங்க. மொட்டைமாடி தம்பி, செருப்புப் போட்டுட்டுப் போகலாமே?

மொட்டைமாடி:
செருப்பு யோசனைக்கு நன்றி அங்கிள்.

கூடைக்காரன்:
வெட்டினதை நேத்து ராத்திரி பழையபடி ஆக்கிப் பாத்தேன். அந்தக் கையில நாலு பச்சைக் கண்ணாடி வளையல். எடுக்கும்போது என் கண்ணுல படவே இல்ல. பிரிண்ட் போட்டாச்சு, 6-க்கு 8. அவங்க பேரைக் கேக்கலையே, சந்துல யாருன்னு சொல்லி விசாரிக்கிறது?