பெருங்குடலழற்சிக்கு முன்னே ‘நுண்’ வரலாமா?

மொழிபெயர்ப்பாளர், மட்டக்களப்பு:

கலைச்சொற் குழு அன்பர்களே, தைரொக்சின் (தைரொயிட் சுரப்பு குறைந்தோருக்கான மருந்து) குளிசை பாவிப்போருக்குக் கிளினிக்கில் கொடுப்பதற்கான துண்டுப்பிரசுரம் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கி அச்சகத்திற்கு அனுப்ப வேண்டியுள்ளது. வெறுவயிற்றில் தண்ணீருடன் விழுங்குவது, இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கும் இதற்கும் நான்கு மணித்தியால இடைவெளி விடுவது எல்லாம் எழுதியாயிற்று. பக்கவிளைவுப் பகுதியில் வரும் ‘மைக்ரொஸ்கொபிக் கொலைட்டிஸ்’ (microscopic colitis) என்ற நோயின் பெயரில்தான் தடைப்பட்டு நிற்கிறேன். இந்நோயில் பெருங்குடலைக் கமெராக் குழாய் செலுத்திப் பார்த்தால் எல்லாம் வழமை போலவே தெரியும். சிறிதளவு இழையத்தைக் கிள்ளியெடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால் மட்டுமே அழற்சி புலப்படும். இரத்தம் கலவாத, தண்ணீர் போன்ற வயிற்றோட்டம் வாரக்கணக்கில் நீடிக்கும். ‘நுண்பெருங்குடலழற்சி’ என்று எழுதி வைத்திருக்கிறேன். பொருந்துமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், காரைதீவு:

மகள், அந்தத் தொடரை வாய்விட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். ‘நுண்’ என்ற அடை தன்னை அடுத்து நிற்கும் பெருங்குடலைத்தான் முதலில் பற்றும். நுண்ணிய பெரிய குடல் என்று ஒன்று உலகில் உண்டா? அடையை நகர்த்திப் ‘பெருங்குடல் நுண்ணழற்சி’ என்றாலும் குற்றம் தீராது, ஏனெனில் அப்போது அழற்சியே அற்பமானது என்றாகிவிடும். நுண்மை நோயில் இல்லை, அதைக் காணும் வழியில் இருக்கிறது. ‘அழற்சி’ என்பதில் எனக்கு மறுப்பில்லை. சுழல் சுழற்சியானது போல அழல் அழற்சியானது. வினையடியும் விகுதியும் முறையாகப் புணர்ந்த சொல்.

சித்த மருத்துவர், அக்கரைப்பற்று:

ஐயாவுக்கு வணக்கம். எங்கள் நூல்களில் வளி, அழல், ஐயம் என்ற மூன்றில் அழல் என்பது பித்தம். எனவே அழற்சி என்றதும் பித்தம் மிகுந்ததென்றே என்னிடம் வரும் முதியவர்கள் எண்ணுகிறார்கள். இளநீரும் மோரும் குடித்தால் தணியும் என்று தாமாகவே பத்தியமும் வகுத்துக்கொள்கிறார்கள். ‘வேக்காடு’ என்ற வழக்குச் சொல்லை ஏன் எடுக்கக் கூடாது?

மருந்தாளர், கல்முனை:

வேக்காடு என்றால் எங்கள் பக்கத்தில் வெயிற்காலத்துப் புழுக்கம் என்றே விளங்கும். மாஸ்டர் சொன்ன இலக்கணக் குறையை விட ‘நுண்’ என்பதில் நான் அஞ்சுவது வேறொன்று. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூட நுண்ணங்கி என்றால் கிருமி என்று தெரியும். நுண்ணழற்சி என்று வாசித்தவர் கிருமியால் வந்த வயிற்றோட்டம் என்று முடிவுசெய்து, பார்மசிக்கு வந்து நேரே நுண்ணுயிர்க்கொல்லி கேட்பார். இந்நோய்க்கு அதனால் பயனில்லை. வைத்தியர்கள் வாயால் சொல்லும் ‘கொலைட்டிஸ்’ என்பதையே தமிழெழுத்தில் போட்டுவிட்டால் நோயாளி அடுத்த முறை வைத்தியரிடம் அதே சொல்லைச் சொல்வார், வைத்தியருக்கும் உடனே விளங்கும்.

தமிழாசிரியர், காரைதீவு:

சொல்லின் தொடக்கத்திலேயே ‘கொலை’ நிற்கிறது, கவனித்தீர்களா? காலையில் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தாளை எழுத்துக்கூட்டி வாசிக்கும் கிழவியை நினைத்துப் பாருங்கள். மேலும், 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். இதற்கு ஒப்புதல் தந்தால் என்னால் வீதியில் நடமாட முடியாது. என் பரிந்துரை ‘கரவுப் பெருங்குடலழற்சி’. கரத்தல் மறைதல், கண்ணுக்கு மறைந்து நிற்கும் அழற்சி.

மருந்தாளர், கல்முனை:

கல்முனைப் பக்கத்துக் கரவாகுப்பற்றில் பிறந்த எனக்குக் ‘கரவு’ என்ற ஓசை அந்நியமில்லை. ஆயினும் அதில் வஞ்சகம் என்ற பொருளும் கலந்திருக்கிறது, மாஸ்டர். நோயாளி எதையோ மறைத்துவிட்டார் என்று சொல்வது போல் இருக்காதா?

தமிழாசிரியர், காரைதீவு:

நோய் வஞ்சகம் செய்யத்தானே செய்கிறது! கமெராவையே ஏமாற்றுகிறதே. கரவாகின் பெயர்க்காரணம் பற்றித் தனியே எழுதுகிறேன். அதில் சொல்வதற்கு நிறைய உண்டு.

பொது வைத்திய நிபுணர், மட்டக்களப்பு:

பெயர் எதுவானாலும், அதைத் தாங்கும் வாக்கியத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ‘தைரொக்சினால் பெருங்குடலழற்சி ஏற்படும்’ என்று அச்சிட்டால் பலர் குளிசையை நிறுத்திவிடுவார்கள். தைரொயிட் சுரப்பியை முழுவதும் அகற்றியவர்களும் அவர்களுள் இருப்பார்கள், அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் அது வேண்டும். தன்னுடல் தாக்கு நோயினால் தைரொயிட் பழுதடைந்தவர்களிடம் இக்குடல் நோய் பொதுவாகவே கூடுதலாகக் காணப்படுவதால், பழி மருந்தையா தைரொயிட் நோயையா சாரும் என்று பிரித்தறிவது கடினம். இந்நோயைத் தூண்டுவதாக வலுவாகச் சந்தேகிக்கப்படுபவை நோவுக்கான சில குளிசைகளும், இரைப்பை அமிலத்தைக் குறைப்பவையும், மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் சிலவுமாகும். தைரொக்சின் பாவிப்பவர் இவற்றையும் சேர்த்து விழுங்குவது அரிதன்று. தைரொக்சினின் அளவு மிஞ்சினாலும் வயிற்றோட்டம் வரும். அப்போது நெஞ்சுப் படபடப்பும் கைநடுக்கமும் கூடவே வரலாம். குளிசையில் சேர்க்கப்படும் லக்ரோசு என்ற பாற்சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ‘சாத்தியமான பக்கவிளைவு’ என்பதை எந்தச் சொல்லால் எழுதுகிறீர்கள் என்பதிலேயே என் கவலை.

மொழிபெயர்ப்பாளர், மட்டக்களப்பு:

‘ஏற்படக்கூடும்’ என்று எழுதியிருந்தேன், சேர். ஆனால் நம் பேச்சில் ‘மழை வரக்கூடும்’ என்றால் குடையை எடு என்றுதான் பொருள். ‘ஏற்படுவதாகச் சந்தேகிக்கப்படுகிறது’ என்று மாற்றினால்?

பொது வைத்திய நிபுணர், மட்டக்களப்பு:

அது சரி. அதே வரியிலேயே, பந்தி பிரிக்காமல், வைத்தியரைக் கேளாது குளிசையை நிறுத்த வேண்டாம் என்றும் சேருங்கள்.

உறுப்பினர், திருச்சி:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் நுண்ணோக்கி என்கிறோம். ‘நுணுக்குக்காட்டி’ என்பது இங்கே யாருக்கும் புரியாது.

மருந்தாளர், கல்முனை:

துண்டுப்பிரசுரம் இங்கேதான் கொடுக்கப்படுகிறது, ஐயா. எங்கள் பாடநூலில் நுணுக்குக்காட்டியே.

மொழிபெயர்ப்பாளர், மட்டக்களப்பு:

நேரம் முடிந்துவிட்டபடியால் இன்று மாலை அச்சகத்திற்கு அனுப்பிய வடிவம் இது: “நுணுக்குக்காட்டியில் மட்டும் தெரியும் ஒருவகைப் பெருங்குடலழற்சி, இக்குளிசையைப் பாவிக்கும் சிலரிடம் ஏற்படுவதாகச் சந்தேகிக்கப்படுகிறது; தண்ணீர் போன்ற வயிற்றோட்டம் நீடித்தால், குளிசையை நீங்களாக நிறுத்தாமல், பாவிக்கும் மற்றைய மருந்துகளையும் எடுத்துக்கொண்டு கிளினிக்கிற்கு வாருங்கள்.” பெரும்பாலானோர் இதற்கு இணங்கியதாகக் கொள்கிறேன்.

தமிழாசிரியர், காரைதீவு:

வாக்கியம் நன்று. ஆனால் நீங்கள் கேட்டது சொல், அனுப்பியது விளக்கம். நாளை ஒரு மாணவன் பரீட்சை விடைத்தாளில் இந்த முழு வரியையும் எழுத முடியாது. நம் கலைச்சொற் பட்டியலில் ‘கரவுப் பெருங்குடலழற்சி’ என்பதை என் மாறுபட்ட கருத்தாகப் பதிந்து வையுங்கள்.

சித்த மருத்துவர், அக்கரைப்பற்று:

‘வேக்காடு’ என்பதையும்.