வலது பக்கம் திரும்ப சிவப்பு அம்புக்குறி, சில்வர் ஸோன்: உங்க அனுபவம் என்ன?

வணக்கம் எல்லாருக்கும். நான் மலேசியாவுல ஜேபில (ஜோகூர் பாரு) இருந்து தினமும் வந்து இங்க சிங்கப்பூர்ல பஸ் ஓட்டுறேன். ரோட்டை மாத்தி மாத்திப் போட்டா வண்டி ஓட்டுறவனுக்கு என்ன லாபம்னு டிப்போ கேன்டீன்ல ஒரு பேச்சு வந்துச்சு, எனக்குப் பட்டதை எழுதுறேன், நீங்களும் சொல்லுங்க.

முன்னாடி பெரிய ஜங்ஷன்ல பச்சை விழுந்தா வலது பக்கம் திரும்புறவங்க எதிர்ல கேப் பாத்து தானா திரும்பிக்கணும். அப்போ டிரைவரோட கவனம் முழுக்க எதிர்ல வர்ற வண்டி மேலதான், பின்னால நிக்கிறவன் வேற ஹார்ன் அடிப்பான், கேப் கெடச்ச உடனே மிதிச்சிடுவோம், ஆனா நாம நுழையிற ரோட்டுல அதே நேரம் நடக்குறவங்களுக்கான பச்சை மனிதன் சிக்னல் எரியும், ஆளுங்க கடந்துகிட்டு இருப்பாங்க. பஸ்ல இது இன்னும் மோசம். முன் கண்ணாடி ஓரத்துத் தூணும் சைடு மிரரும் சேந்து ஒரு ஆளையே மறைச்சிடும், நாம திரும்புற வேகமும் அவர் நடக்குற வேகமும் ஒத்துப்போச்சுன்னா கடைசி வரைக்கும் அந்த மறைவுலயேதான் வந்துகிட்டு இருப்பாரு. 2018 ஏப்ரல்ல காமன்வெல்த் அவென்யூ வெஸ்ட், கிளமெண்டி ரோடு ஜங்ஷன்ல அப்படி வலது பக்கம் திரும்புன டாக்சி மேல எதிர்ல வந்த கார் மோதி ஒரு பல்கலைக்கழக மாணவி இறந்தாங்க. 19 வயசு. அதுக்கப்புறம் எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) நெறைய ஜங்ஷன்ல சிவப்பு, மஞ்சள், பச்சை அம்புக்குறி போட்டாங்க. இப்ப பச்சை அம்பு வந்தா எதிர் வண்டியும் நிக்குது, நடக்குறவங்களும் நிக்குறாங்க. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பாக்க வேண்டிய அந்த அவஸ்தை போச்சு.

காத்திருக்குற நேரம் கூடிருச்சுன்னு சொல்றாங்க, உண்மைதான். ஆனா திரும்புற வண்டிக்குன்னு தனி லேன் போதுமான நீளத்துக்கு இருந்தா நேரா போற வண்டி எதுவும் மாட்டாது. லேன் சின்னதா இருக்குற எடத்துலதான் வால் வெளிய நீண்டு நேர் லேனையும் அடைக்குது, அங்க லேனையும் சேத்து நீட்டணும். பஸ் ஸ்டாப்ல இருந்து வெளிய வர்றப்ப வழிவிடணும்னு ரோட்டுலயே கோடு போட்ட எடங்களும் அப்படித்தான், 2008 கடைசியில வந்த திட்டம் அது. கோடு இருக்குற ஸ்டாப்ல சீக்கிரம் வெளிய வந்துடுறேன், இல்லாத ஸ்டாப்ல இன்னும் கழுத்தைத் திருப்பிக்கிட்டே உக்காந்திருக்கேன்.

———

அண்ணே, நல்லா சொன்னீங்க. எங்கம்மா இருக்குறது புக்கிட் மேரா வியூ, 2014ல மொத மொத சில்வர் ஸோன், அதாவது வயசானவங்க பத்திரமா ரோட்டைக் கடக்க மாத்தி அமைச்ச பகுதி, வந்த எடம். ரோட்டைக் கொஞ்சம் வளைச்சு, அகலத்தைக் குறைச்சு, நடுவுல ஒரு திட்டு வச்சாங்க. அந்தத் திட்டுதாங்க பெரிய விஷயம்! அம்மாவுக்கு முட்டி வலி, முன்னாடி ரெண்டு பக்கமும் பாத்துகிட்டு ஒரே மூச்சுல கடக்கணும், பாதி ரோட்டுல பயந்து நின்னுடுவாங்க. இப்ப வலது பக்கம் மட்டும் பாத்து திட்டு வரைக்கும் வருவாங்க, நின்னு மூச்சு வாங்கிட்டு அப்புறம் இடது பக்கம் பாத்து மீதி. வேகம் குறைங்கன்னு போர்டு வச்சா எத்தனை பேர் பாக்குறாங்க, ரோடே வளைஞ்சு இருந்தா எல்லாரும் குறைச்சுத்தானே ஆகணும். பெரிய ரோடு சிக்னல்ல முதியோர் கார்டைத் தட்டுனா பச்சை மனிதன் 3ல இருந்து 13 செகண்ட் வரைக்கும் கூட எரியும், ரோட்டு அகலத்தைப் பொறுத்து. இது தெரியாத தாத்தா பாட்டி இன்னும் இருக்காங்க, வீட்டுல பெரியவங்க இருந்தா தயவுசெஞ்சு கூட்டிட்டுப் போய் ஒரு தடவை தட்டிக் காட்டுங்க.

———

நான் பைக்ல சாப்பாடு டெலிவரி பண்றேன். பகல்ல அம்புக்குறி ஓகே அண்ணே, நானும் நிம்மதியாதான் திரும்புறேன். ராத்திரி ஒரு மணிக்கு ஒரு வண்டியும் இல்லாம சிவப்பு அம்புல நிக்குறப்ப, சில ஜங்ஷன்ல பச்சை வராமலே ஒரு சுத்து முழுசா போயிடுது. அதுக்கு என்ன பண்றது?

———

தம்பி, எங்க நிக்குறீங்கன்னு பாருங்க. கோட்டுக்குப் பின்னால தார்ல கட்டமா வெட்டுன அடையாளம் தெரியும், அதுக்கு அடியில கம்பிச் சுருள் இருக்கு, மேல உலோகம் வந்து நின்னாதான் வண்டி இருக்குன்னு சிக்னலுக்குத் தெரியும். பைக்காரங்க பல பேரு கோட்டைத் தாண்டி முன்னால போய் நிக்குறாங்க, சிக்னலைப் பொறுத்தவரை அங்க யாருமே இல்லை. அந்த வெட்டுக் கோட்டுக்கு நேர் மேல சக்கரம் இருக்குற மாதிரி நில்லுங்க. அப்பவும் வரலைன்னா ஜங்ஷன் பேரு, நேரம், எந்தப் பக்கம் திரும்புனீங்கன்னு அரசாங்கத்துக்குப் புகார் சொல்ற ஒன்சர்வீஸ் ஆப்ல போடுங்க, சிவப்புல மட்டும் போயிடாதீங்க தம்பி.