குடும்பக் குரூப், ஹூஸ்டன் – மார்ச் 18, 2020, புதன் ராத்திரி

பெரியப்பா: இன்னைக்கு அக்கவுண்ட திறந்து பாத்ததுல இருந்து சோறு இறங்கல. நான் வாங்கி வச்சிருக்கற பைப்லைன் கம்பெனில எண்டர்பிரைஸ் ஒரு யூனிட் (பங்கு மாதிரி) ஜனவரில 28 டாலர் இருந்துச்சு, இன்னைக்கு ஒரு நேரம் பாதிக்கும் கீழ போயிருச்சு. எனர்ஜி ட்ரான்ஸ்ஃபரும் அப்படித்தான். ரிட்டயர் ஆனதுல இருந்து வீட்டுச் செலவே இவங்க மூணு மாசத்துக்கு ஒருதரம் குடுக்கற டிஸ்ட்ரிபியூஷன் பணத்துலதான்ப்பா ஓடுது. காலைல எல்லாத்தையும் வித்துரவா?

சித்தி: மாமா பதறாதீங்க. கச்சா எண்ணெய் பேரல் 20 டாலராம், மாச ஆரம்பத்துல 45க்கு மேல இருந்துச்சு. சவுதியும் ரஷ்யாவும் எண்ணெய் விலைல முட்டிக்கிட்டா இங்க பைப் வச்சிருக்கவன் ஏன் விழணும்?

நான்: சித்தி, வெங்காயம் என்ன விலை வித்தாலும் லாரிக்காரனுக்கு வாடகை வந்துரும், ஆனா விலை ரொம்ப விழுந்து வயல்லயே பறிக்காம விட்டுட்டா லாரிக்கு ஏது லோடு, அந்த பயம்தான் இப்ப. அதோட கடன் வாங்கி இந்த யூனிட்டெல்லாம் வாங்கி வச்ச ஃபண்டுங்க விலை விழ விழ கட்டாயமா வித்தாகணும், அதான் நல்லதும் கெட்டதும் சேந்து விழுது

அண்ணா (மிட்லண்ட்): லோடு குறையறது நிஜம்தான்டா. எங்க யார்டுல இன்னைக்கு மட்டும் எண்ணெய்க் கிணறு தோண்டற ரெண்டு ரிக்க இறக்கி படுக்க வச்சிட்டாங்க

அத்தை: 2015 டிசம்பர்ல கிண்டர் மார்கன்னு இன்னொரு பைப்லைன் கம்பெனி 51 சென்ட் டிவிடெண்ட 12.5 சென்ட்டுக்கு வெட்டுனான் இல்ல, அந்த கிறிஸ்துமஸ நான் மறக்கல

நான்: அத்தை சொல்றது சரி, அதனாலதான் எவன் வெட்டாம தாங்குவான்னு பாக்கணும். எண்டர்பிரைஸ் போன வருஷம் கொடுத்த டிஸ்ட்ரிபியூஷன விட ஒன்றரை மடங்குக்கு மேலயே சம்பாதிச்சிருக்கு. எனர்ஜி ட்ரான்ஸ்ஃபருக்கு கடன் பாரம் ஜாஸ்தி, அங்கதான் எனக்கு கவலை. இன்னொன்னு பெரியப்பா, இத்தன வருஷம் வாங்குன பணத்துல பெரும்பங்க டேக்ஸ் கணக்குல நீங்க போட்ட முதலீட்டுல இருந்து கழிச்சிருப்பாங்க, இப்ப நஷ்டத்துக்கு வித்தாக்கூட ஒரு பகுதிக்கு சாதாரண வருமானம் மாதிரி டேக்ஸ் வரலாம். கம்பெனி டேக்ஸுக்கு அனுப்பற கே-1 பேப்பர் இந்த வருஷம் வந்துருச்சா?

பெரியப்பா: வந்துருச்சு, மேஜைலதான் கிடக்கு, பிரிக்கல. தம்பி ஒரு விஷயம் சொல்லாம விட்டுட்டேன். போன வருஷம் ஒரு அட்வைசர் பேச்ச கேட்டு மார்ஜின்ல, அதான் புரோக்கர்கிட்ட கடன் வாங்கி, கொஞ்சம் சேத்து வாங்கினேன். இன்னைக்கு மத்தியானம் புரோக்கர்கிட்ட இருந்து பணம் கட்ட சொல்லி மெயில் வந்திருக்கு

நான்: பெரியப்பா இத மொதல்லயே சொல்லிருக்கணும். அப்படின்னா பேச்சே வேற. கடன் இல்லாம வச்சிருந்தா காத்திருக்கலாம், மார்ஜின் இருந்தா நீங்க விக்கலேன்னா அவனே அடிமட்ட விலைல வித்துருவான். எனர்ஜி ட்ரான்ஸ்ஃபர வித்து மொதல்ல கடன அடைங்க, பத்தலேன்னா நானும் அண்ணாவும் போடறோம். எண்டர்பிரைஸ தொடாதீங்க. எவ்வளவு பாக்கின்னு அந்த மெயில போட்டோ எடுத்து எனக்கு தனியா அனுப்புங்க, மார்க்கெட் திறக்கறது 8:30, நான் 7 மணிக்கே கூப்பிடறேன்

அண்ணா (மிட்லண்ட்): நானும் லைன்ல வரேன்

பெரியம்மா: மார்ஜின் விஷயம் எனக்கே இப்பதான் தெரியுது. போட்டோ நான் எடுத்து அனுப்பறேன்ப்பா, அவருக்கு கை நடுங்குது