ஸ்வாப்பினெஸ் 0 வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

கொருக்குப்பேட்டைக்காரன்:
நேற்று நாவலூர் நிர்வாகி போட்ட பதிவு இது: "எந்த லினக்ஸ் சர்வராக இருந்தாலும் ஸ்வாப்பினெஸ்ஸை 0 ஆக்குங்கள். ஓபன் ஃபைல் எல்லையை ஏற்றுங்கள். மெமரித் தொல்லை ஒழிந்தது." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்வாப்பினெஸ் என்பது, மெமரி தட்டும்போது அதிலிருப்பதை ஸ்வாப் இடத்துக்கு (வழக்கமாக டிஸ்கில் ஒதுக்கியது) தள்ள லினக்ஸின் மையமான கர்னல் எவ்வளவு முனையும் என்று சொல்லும் எண். இதே அறிவுரையை எங்கிருந்தோ பிடித்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் 0 வைத்திருந்தார்கள். டாக்கரில் (புரோகிராமைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கருவி) ஓடிய டேட்டாபேஸ் வேலை நேரத்தில் செத்து விழுந்தது. ஸ்வாப் முழுக்கக் காலியாகக் கிடந்தது! கூப்பிட்டது என்னைத்தான். டீஃபால்ட் 60 பிடிக்கவில்லையா, 10 வையுங்கள், 1 கூட வையுங்கள். 0 வேண்டாம்.

நாவலூர் நிர்வாகி:
0 வைத்தால் ஸ்வாப் அணைந்துவிடும் என்று நான் எங்கே சொன்னேன்? கர்னல் ஆவணத்தைத் திறந்து பாருங்கள். மெமரியின் ஒரு ஜோனில் (பகுதியில்) காலிப் பக்கங்களும் ஃபைல் பக்கங்களும் சேர்ந்து கர்னல் குறித்துவைத்த மேல் அளவுக்குக் கீழே போனால் 0-விலும் ஸ்வாப் நடக்கும். படிக்காமல் சண்டைக்கு வருவது உங்களுக்குப் புதிதல்ல. போன முறை உபுண்டு இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

கொருக்குப்பேட்டைக்காரன்:
தம்பி, அது மெஷின் மொத்தத்துக்கும் மெமரி தட்டும்போது. நான் சொல்வது சிகுரூப், அதாவது ப்ராசஸ்களைக் குழுவாக்கி அந்தக் குழுவுக்கு மட்டும் எல்லை போடும் கர்னல் வசதி. டாக்கரில் 2 ஜிபி எல்லை வைத்து ஓட்டுகிறீர்கள், அந்த எல்லை முட்டுகிறது. 0 இருந்தால் கர்னல் அந்தக் குழுவின் அனானிமஸ் பக்கங்களை (எந்த ஃபைலோடும் சேராத, ப்ராசஸின் சொந்த மெமரி) ஸ்வாப்புக்குத் தள்ளாது. ஃபைல் கேஷைப் பிடுங்கும், அதுவும் தீர்ந்தால் ஓஓஎம் கில்லர் (மெமரி போதாதபோது ப்ராசஸைக் கொல்லும் கர்னல் பகுதி) வந்து வெட்டும். டாக்கர் 137 என்ற முடிவு எண்ணைச் சொல்லிவிட்டு நிற்கும். 128-உம் கில் சிக்னல் 9-உம் சேர்ந்த 137. மெஷினில் 10 ஜிபி காலியாக இருந்தாலும் இதுதான் நடக்கும்.

ராயபுரத்துப் பெண்:
இரண்டு பேரும் ஓபன் ஃபைல் எல்லையை, அதாவது ஒரு ப்ராசஸ் ஒரே நேரத்தில் எத்தனை ஃபைல் திறந்து வைக்கலாம் என்பதை, மறந்துவிட்டீர்களே. லிமிட்ஸ் கான்ஃப் ஃபைலில் 65535 என்று எழுதினால் அது பாம் (லாகினைச் சரிபார்க்கும் அடுக்கு) வழியாக லாகின் ஆகிறவர்களுக்குத்தான். சிஸ்டம்டி (மெஷினில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் புரோகிராம்) கிளப்பும் சர்வீஸ் அந்த ஃபைலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த சர்வீஸின் அமைப்பைச் சொல்லும் யூனிட் ஃபைலில் லிமிட்நோஃபைல் எழுத வேண்டும். சந்தேகம் இருந்தால் ப்ராக் டைரக்டரியில் அந்த ப்ராசஸின் லிமிட்ஸைப் பாருங்கள், பெரும்பாலும் சாஃப்ட் எல்லை (இப்போது அமலில் உள்ள எல்லை) 1024-லேயே நிற்கும். மக்கள் தினமும் அடிபடுவது இதில்தான்.

நாவலூர் நிர்வாகி:
எங்கள் கம்பெனியில் எல்லா மெஷினிலும் 0 தான். ஒன்றும் சாகவில்லை. பழைய டெஸ்க்டாப்பை சர்வர் என்று பெயர் சொல்லி ஓட்டும் ஏரியாவில் எதை வைத்தாலும் சாகத்தான் செய்யும்.

கொருக்குப்பேட்டைக்காரன்:
ஏரியாவை ஏன் இழுக்கிறீர்கள்? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பியது. இன்றைக்கும் எங்கள் பக்கத்து ஹார்பரில் கப்பல் சரக்கு இறங்குகிறது. அந்தச் சரக்குக்குக் கணக்கு எழுதும் சர்வரைப் பார்த்துக்கொள்வது நாங்கள். கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்தால் கர்னல் வேறு மாதிரி ஓடுமா? உங்கள் மெஷின்களில் சிகுரூப் எல்லை போட்டிருக்கிறீர்களா இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

எண்ணூர் அனல்:
ஸ்வாப்பினெஸ்ஸை விடுங்கள். ஓவர்கமிட்டை (இருக்கும் மெமரிக்கு மேல் கேட்டாலும் கர்னல் சம்மதிக்குமா என்ற அமைப்பு) 1 வைத்தால் முடிந்தது. ரெடிஸ் டேட்டாபேஸே அதைத்தான் கேட்கிறது.

ராயபுரத்துப் பெண்:
ரெடிஸ் பின்னணியில் சேமிக்க ஃபோர்க் செய்கிறது, அதாவது தன் ப்ராசஸையே நகலெடுக்கிறது, அதனால் எப்போதும் சம்மதிக்கும் 1 கேட்கிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஆவணம் கணக்குக்கு மேல் மறுக்கும் 2 வைக்கச் சொல்கிறது. இரண்டும் ஒரே மெஷினில் இருந்தால் என்ன வைப்பீர்கள்? "முடிந்தது" என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது.

எண்ணூர் அனல்:
இரண்டையும் ஒரே மெஷினில் வைப்பதே தப்பு.

ராயபுரத்துப் பெண்:
சின்ன ஆபீஸ்காரர் இரண்டாவது மெஷினுக்கு எங்கே போவார்? நீங்கள் வாங்கித் தருகிறீர்களா?

நாவலூர் நிர்வாகி:
சிகுரூப் இருக்கிறது. எல்லையும் இருக்கிறது. 0 தான். சாகவில்லை.

கொருக்குப்பேட்டைக்காரன்:
எல்லையை முட்டியதே இல்லை என்றால் எப்படிச் சாகும்? 2 ஜிபி எல்லைக்குள் 500 எம்பி சாப்பிடும் ப்ராசஸை வைத்துக்கொண்டு 0 நல்லது என்று ஊருக்கு உபதேசம் செய்யக்கூடாது. 3.5 கர்னலில்தான் 0-வின் நடத்தை இப்படிக் கடுமையானது. அதற்கு முந்தைய பழைய குறிப்பை இன்னும் காப்பியடித்துக்கொண்டிருக்கிறார்கள். 5.8-இல் ஸ்வாப்பினெஸ்ஸின் உச்ச அளவே 100-லிருந்து 200 ஆனது. ஜீரேம் (மெமரியிலேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப்) மாதிரி வேகமான ஸ்வாப் இருந்தால் 100-க்கு மேலே வைப்பதுதான் லாபம். அப்புறம் 0 எப்படி எல்லா சர்வருக்கும் பொருந்தும்? "எந்த லினக்ஸ் சர்வராக இருந்தாலும்" என்ற அந்தச் சொல்லை முதலில் எடுங்கள்.

நாவலூர் நிர்வாகி:
எடுக்க மாட்டேன். என் பதிவு, என் அனுபவம்.

எண்ணூர் அனல்:
யாராவது பிட்மேக்ஸ் (ப்ராசஸ் எண்களின் உச்ச வரம்பு) பற்றிச் சொல்லுங்கள். 32768-இல் முட்டி "ரிசோர்ஸ் டெம்பரரிலி அன்அவைலபிள்" வருகிறது. ப்ராசஸுக்குள் ஓடும் த்ரெட் எல்லாம் அதில் கணக்காகுமா?

ராயபுரத்துப் பெண்:
ஆகும். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு எண் போகும். 64 பிட் மெஷினில் 4194304 வரை ஏற்றலாம். ஆனால் முதலில் சிஸ்டம்டியின் டாஸ்க்ஸ்மேக்ஸை (ஒரு சர்வீஸுக்கு எத்தனை ப்ராசஸும் த்ரெட்டும் என்ற வரம்பு) பாருங்கள், அது முன்னாடியே மறிக்கும். ஒரு யூசர் எத்தனை ப்ராசஸ் ஓட்டலாம் என்ற என்ப்ராக் எல்லையும் அதே செய்தியைத்தான் தரும்.

கொருக்குப்பேட்டைக்காரன்:
அதை அப்புறம் பேசலாம். நாவலூர்காரரே, ஒரு டெஸ்ட் மெஷினில் 256 எம்பி எல்லை போட்டு, ஸ்வாப்பினெஸ் 0 வைத்து, 300 எம்பி கேட்கும் புரோகிராமை ஓட்டுங்கள். அதையே 1 வைத்து ஓட்டுங்கள். இரண்டு டிமெசெக்கையும் (கர்னல் எழுதும் செய்திகள்) இங்கேயே ஒட்டுங்கள்.

நாவலூர் நிர்வாகி:
நீங்கள் சொல்லி நான் டெஸ்ட் எடுக்க வேண்டிய நிலைமை எனக்கு இல்லை. 0 தான்.