நியூ 52-ஐ மறுபடி படிச்சா கடுப்புதான் வருது, பேட்மேன் தவிர உருப்படியா ஏதாவது இருக்கா?

நைட்விங்_மதுர:
சும்மா இருக்க மாட்டாம டிசி காமிக்ஸ் 2011ல தன் ஹீரோ கதைகளை எல்லாம் 52 புக்கா நம்பர் 1ல இருந்து மறுபடி ஆரம்பிச்சாங்களே, அந்த நியூ 52-ஐ முதல்ல இருந்து எடுத்துப் படிச்சிட்டு இருக்கேன், அப்ப வந்த கோபம் கொஞ்சம்கூட குறையல. எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா ஆரம்பிக்கிறதுல எனக்குப் பிரச்சனையே இல்ல, 1986ல டிசி உலகத்தையே மாத்தின க்ரைசிஸ் கதை முடிஞ்சதும் ஜான் பைர்ன் சூப்பர்மேனை அப்படித்தான் ஆரம்பிச்சாரு, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா இவங்க பண்ணது பாதி அழிப்பு. பேட்மேனும் கிரீன் லேன்டர்னும் நல்லா வித்துட்டு இருந்துச்சா, அதுல மட்டும் கை வைக்கல. கிரீன் லேன்டர்ன் நம்பர் 1-ஐத் திறந்தா வில்லன் சினெஸ்ட்ரோ கையில ஹீரோவோட சக்தியான பச்சை மோதிரம், ஹீரோ ஹால் ஜோர்டன்கிட்ட மோதிரமே இல்ல, எல்லாம் பழைய கதையோட நேர் தொடர்ச்சி. புது வாசகர்களுக்காகத்தான் இவ்வளவும்னு சொன்னாங்களே, அவன் இதைப் படிச்சிட்டு தலையச் சொறியத்தானே செய்வான்?

அப்புறம் அந்த அஞ்சு வருஷக் கணக்கு. ஜஸ்டிஸ் லீக் முதல் கதை அஞ்சு வருஷம் முன்னாடி நடக்குது, ஹீரோங்கன்னாலே அப்பதான் ஜனங்களுக்குத் தெரியுது. சரி, அதுக்குள்ள பேட்மேனுக்குத் துணையா டிக், ஜேசன், டிம், டேமியன்னு நாலு ராபின் எப்படி? நடுவுல ஜேசன் செத்துப் பொழைச்சு வேற வந்துட்டான். பேட்மேன் பசங்களை இன்டர்ன்ஷிப்புக்கா எடுத்தாரு? இதைச் சமாளிக்க 2012ல டீன் டைட்டன்ஸ் ஜீரோ இஷ்யூல டிம் ராபினாவே இருந்ததில்ல, ஆரம்பத்துல இருந்தே ரெட் ராபின்தான்னு ஒரு போடு போட்டாங்க பாருங்க, டிம் கதைய படிச்சு வளர்ந்தவனுக்கு வயிறு எரியாதா?

சூப்பர்மேன் கதிதான் ரொம்ப மோசம். லோயிஸ் கூட 1996ல நடந்த கல்யாணம் நடக்கவே இல்லையாம். நம்பர் 1 கடைசில கிளார்க், அதான் சூப்பர்மேன், லோயிஸ் வீட்டு வாசல்ல நின்னு பேசிட்டு இருக்கான், உள்ள இருந்து சட்டை இல்லாம ஒருத்தன் வர்றான். பதினஞ்சு வருஷ தாம்பத்தியத்துக்கு இதான் மரியாதை. ஃப்ளாஷா இருந்த வாலி வெஸ்ட், பேட்கேர்ளா இருந்த ஸ்டெஃபனி பிரவுன், காசாண்ட்ரா கெயின் எல்லாம் ஆளே காணோம். நல்லதா ஏதாவது இருந்தா சொல்லுங்கப்பா, இல்லேன்னா இதோட மூடி வச்சிடறேன்.

இங்க்_பாட்டில்:
தல, கோபம் நியாயம்தான், ஆனா வியாபாரத்தையும் பாருங்க. அந்த செப்டம்பர்ல கடைகள்ல மார்வெலையே முந்திட்டாங்க. கடைக்கு வர்ற அன்னிக்கே டிஜிட்டல்லயும் எல்லா டைட்டிலும் வந்துச்சு, அமெரிக்காவுக்கு வெளிய இருக்கறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்.

படிக்கணும்னா ஜெஃப் லெமயர் எழுதின அனிமல் மேன் எடுங்க. முதல் இஷ்யூ முழுக்க சாதாரண குடும்பக் கதை மாதிரி போகும், பொண்ணு மாக்ஸின் நாய்க்குட்டி வேணும்னு அடம்பிடிக்கும், வாங்கித் தர மாட்டாங்க. கடைசிப் பக்கத்துல பாத்தா அக்கம்பக்கத்துல செத்துப்போன நாய் பூனையெல்லாம் எலும்பும் அழுகின சதையுமா அதைச் சுத்தி நிக்கும், புள்ள பாட்டுக்கு சந்தோஷமா விளையாடிட்டு இருக்கும். டிராவல் ஃபோர்மேன் வரைஞ்சது, ராத்திரி படிக்காதீங்க. கூடவே ஸ்காட் ஸ்னைடரோட ஸ்வாம்ப் திங் படிச்சா ரெண்டும் ராட்வேர்ல்டுங்கற கூட்டுக் கதைல போய்ச் சேரும், அந்தச் சேர்ற இடம் கொஞ்சம் இழுவைதான்.

சேலம்_ஸ்பீட்ஸ்டர்:
அசாரெல்லோ, கிளிஃப் சியாங்கோட வொண்டர் வுமனும் நல்லா இருக்கும், ஆனா ஏழாவது இஷ்யூல அமேசான்கள் கப்பல்காரங்கள வச்சு என்ன பண்ணுவாங்கன்னு காட்டினதை என்னால ஜீரணிக்க முடியல.

ஆரக்கிள்_அக்கா:
முதல்ல பேட்கேர்ளா இருந்த பார்பரா பத்தி யாருமே பேசலையே. 1988ல ஜோக்கர் சுட்டதும் அடுத்த வருஷமே ஜான் ஆஸ்ட்ரான்டரும் கிம் யேலும் அவளை ஆரக்கிளா மாத்தினாங்க. வீல்சேர்ல உக்காந்துக்கிட்டு ஜஸ்டிஸ் லீக்குக்கே தகவல் குடுத்தவ தம்பி அவ. இருபது வருஷத்துக்கு மேல அப்படி ஒரு ஹீரோ இருந்தா, ரீலாஞ்ச்ல எழுந்து நடந்துட்டா. அப்ப சுட்டது மட்டும் நடந்துச்சு, அதுக்கப்புறம் அவ சாதிச்சது கணக்குல இல்ல, எனக்கு எரிச்சல் அதுதான்.

இத்தனைக்கும் கெயில் சிமோன் மோசமா எழுதல. பேட்கேர்ள் நம்பர் 1 முடியற இடத்துல வில்லன் துப்பாக்கிய அவ வயித்துக்கு நேரா நீட்டறான், பழைய இடம். அப்படியே உறைஞ்சு நின்னுடறா, அந்த நேரத்துல ஆஸ்பத்திரில ஒரு ஆள் செத்துப்போறான், பாத்துக்கிட்டிருந்த போலீஸ்காரம்மா அவளையே கொலைகாரின்னு கத்தறா. நல்ல சீன், ஒத்துக்கறேன். ஆனா 52 புக்குக்கு எழுத்தாளர் லிஸ்ட்ல அவங்க ஒருத்தங்கதான் பெண். அந்த ஜூலைல சான் டியாகோ காமிக்ஸ் விழால பேட்கேர்ள் வேஷத்துல வந்த ஒரு ரசிகை பேனல் பேனலா போய் இதைத்தான் கேட்டாங்க. இந்த லட்சணத்துல பெண்களை வெறும் கவர்ச்சியா காட்டின கேட்வுமன் நம்பர் 1, ஸ்டார்ஃபயர் வர்ற ரெட் ஹூட் எல்லாம் அதே மாசம். விடுங்க, வாய்ல நல்லா வந்துரும்.

நைட்விங்_மதுர:
அக்கா சொன்னதுதான் என் மனசுலயும் இருக்கு. காயத்தை வச்சுக்கிட்டாங்க, ஆறினதை தூக்கிட்டாங்க. கொடுமை என்னன்னா எழுதறவங்களுக்கே எது இருக்கு எது இல்லன்னு தெரியல. ஜார்ஜ் பெரெஸ் மாதிரி ஆளு சூப்பர்மேனை ஆறு இஷ்யூல விட்டுட்டுப் போனாரு, ஆக்‌ஷன் காமிக்ஸ்ல கிராண்ட் மாரிசன் என்ன பண்ணப் போறாருன்னே தனக்கு ஒழுங்கா சொல்லலன்னு அவரே வெளிப்படையா சொன்னாரு.

சேலம்_ஸ்பீட்ஸ்டர்:
அதான் டிசி 2016ல மறுபடி ஆரம்பிச்ச ரீபெர்த்ல எல்லாம் சரி பண்ணிட்டாங்களே. வாலி மின்னலுக்குள்ள இருந்து கைய நீட்டுவான், அவன் மனைவியா இருந்த லிண்டாவுக்கே அவனை ஞாபகம் இருக்காது, கடைசில இன்னொரு ஃப்ளாஷ் பாரி அவன் பேரைச் சொல்லி இழுத்துக் கட்டிப்புடிப்பான். 80 பக்கம், விலை வெறும் 2.99 டாலர். நான் அழுதுட்டேன், வெக்கமே இல்ல.

இங்க்_பாட்டில்:
அழுதீங்க சரி, ரெண்டே வருஷத்துல ஹீரோஸ் இன் க்ரைசிஸ்ங்கற புக்ல அதே வாலிய என்ன பண்ணாங்கன்னும் சொல்லுங்க.

சேலம்_ஸ்பீட்ஸ்டர்:
அந்தப் புக் பேரை இங்க எடுக்காதீங்க ஜி.

நைட்விங்_மதுர:
😂 அனிமல் மேன் முதல் வால்யூம் இன்னிக்கு ராத்திரி ஆரம்பிக்கிறேன், நாய் பயம் வேற எனக்கு.